மகளின் படிப்புக்குக் கடன்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு



சென்ற பாடத்தில் குழுவின் உள்கடனை எப்படித் திட்டமிட்டு வாங்குவது என்று பார்த்தோம். இந்தப் பாடம் கல்விக் கடனைப் பற்றியது. இதைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசினால் நல்லது. கணக்கு வரும் இடத்தில் கரும்பலகையிலோ நோட்டிலோ எழுதிப் பாருங்கள். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. பால் கணக்கு, சந்தா கணக்கு போடத் தெரிந்தவர்கள் இதையும் போடலாம்.

பாடம் எங்கிருந்து வந்தது?

நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டம் முடிந்த ஒரு நாள், ஒரு அக்கா மட்டும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். குழு ஆரம்பித்த நாள் முதல் உறுப்பினர். கணவர் இறந்த பிறகு இரண்டு கறவை மாட்டையும் நூறு நாள் வேலையையும் வைத்துக் குடும்பத்தைக் கரை சேர்த்தவர். மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்து, ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வெளியூரில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. பாடம் மானுடவியல்.

“மேடம், அது என்ன படிப்புன்னே எனக்கு வாயில வரல. ஊர்ல கேட்டா டாக்டரா, டீச்சரான்னு கேக்குறாங்க. ரெண்டும் இல்லங்கிறா. என் அண்ணன், ‘அதெல்லாம் சோறு போடாது, தனியார் கல்லூரியில எம்.பி.ஏ. சேரு, 4 லட்சம் லோன் வாங்கலாம், வேலை நிச்சயம்’னு சொல்றாரு. இல்லன்னா மாட்டை வித்துட்டு, குழுவுல ஒரு லட்சம் வாங்கி, பேசாம கல்யாணத்தைப் பண்ணிடலாமான்னும் ஓடுது. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்.”

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நாங்கள் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு குழு உறுப்பினர் மகனைத் தனியார் கல்லூரியில் சேர்க்க வங்கிக் கடன் கேட்டார். ‘படிப்புக்குத்தானே, நல்ல காரியம்’ என்று விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, வங்கி வரை கூடவே போய் வாங்கிக் கொடுத்தோம். படித்தால் என்ன வேலை, என்ன சம்பளம், மாதத் தவணை எவ்வளவு என்று ஒரு கேள்விகூட நாங்கள் கேட்கவில்லை. பையன் படித்து முடித்தான். கிடைத்த வேலையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். தவணை நின்றது. வங்கியிலிருந்து நோட்டீஸ் அம்மாவின் பெயருக்கும் சேர்ந்து வந்தது. ஆடுகளை விற்றுக் கட்டினார். எங்களை ஒரு வார்த்தை அவர் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

அன்றிலிருந்து நாங்கள் வைத்துக்கொண்ட முறை இது: படிப்பு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. உறுப்பினரோடும் பிள்ளையோடும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கு மட்டும் போடுவோம். முடிவு அவர்களுடையது.

மானுடவியல் என்றால் என்ன?

கடன் வாங்கப் போகும் பொருள் எது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது அல்லவா? அதனால் முதலில் இதைப் பார்ப்போம்.

மானுடவியல் என்பது மனிதர்களைப் பற்றிய படிப்பு. இதில் நான்கு கிளைகள் உண்டு. மக்களின் வாழ்க்கை முறை, உறவுமுறை, சடங்கு, தொழில் ஆகியவற்றைப் படிப்பது ஒன்று. மனித உடலின் வளர்ச்சி, பரம்பரை, ஊட்டச்சத்து பற்றியது ஒன்று. மண்ணுக்கு அடியில் கிடைக்கும் பழைய பொருள்களை வைத்து அந்தக் கால வாழ்க்கையை அறிவது ஒன்று. மொழியைப் பற்றியது ஒன்று.

இந்தப் படிப்பின் உயிர் களப்பணிதான். மாணவர்கள் ஒரு ஊரில் போய்த் தங்கி, மக்களோடு பழகி, பார்த்ததையும் கேட்டதையும் எழுத வேண்டும். எம்.என். சீனிவாஸ் என்ற அறிஞர் 1948-ல் மைசூர்ப் பகுதியில் ஒரு கிராமத்தில் தங்கி இப்படித்தான் ஆராய்ந்தார். நாம் குழு ஆரம்பித்தபோது தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, எந்த வீட்டில் நிலம் இல்லை, எந்த வீட்டில் பெண் மட்டும் சம்பாதிக்கிறாள் என்று குறித்தோமே, நினைவிருக்கிறதா? அந்த முறை உருவானதில் மானுடவியலுக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் மானுடவியலுக்கு முதன்முதலில் முதுநிலைத் துறை தொடங்கியது கல்கத்தா பல்கலைக்கழகம், 1920-ல். இந்த மண்ணின் முதல் பெண் மானுடவியலாளர் என்று சொல்லப்படுபவர் ஐராவதி கார்வே. 1905-ல் பிறந்தவர். அவர் 1928-ல் மேற்படிப்புக்கு ஜெர்மனி போக விரும்பியபோது மாமனார் சம்மதிக்கவில்லை. அந்த மாமனார் யார் தெரியுமா? பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கிய தோண்டோ கேசவ் கார்வே! ஊர்ப் பெண்களின் படிப்புக்குப் பாடுபட்டவருக்கே வீட்டு மருமகள் கடல் தாண்டுவது சங்கடமாக இருந்திருக்கிறது. கணவர் துணை நின்றார். ஜீவராஜ் மேத்தா என்பவரிடம் கடன் வாங்கி ஐராவதி பெர்லின் போனார். இரண்டு ஆண்டில் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். பின்னாளில் புனேயில் பேராசிரியராக இருந்து, ஊர் ஊராகச் சுற்றி ஆய்வு செய்து, பல நூல்கள் எழுதினார்.

ஆக, கடன் வாங்கி மானுடவியல் படித்த பெண் நம் அக்காவின் மகள்தான் முதல் ஆள் என்று இல்லை. ஆனால் ஐராவதிக்குக் கிடைத்ததுபோல எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

படித்தால் என்ன வேலை?

இதை மறைக்காமல் பேச வேண்டும். நம் ஊர் மேல்நிலைப் பள்ளியில் மானுடவியல் ஒரு பாடம் இல்லை. அதனால் அந்தப் பாடத்துக்கு என்று பள்ளி ஆசிரியர் வேலை இல்லை. தமிழ்நாட்டில் இந்தப் பாடம் உள்ள கல்லூரிகள் மிகக் குறைவு. அதனால் கல்லூரி ஆசிரியர் இடங்களும் குறைவு.

பிறகு எங்கே வேலை? 1945-ல் தொடங்கப்பட்ட இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனம் மத்திய அரசின் கீழ் உள்ளது. ஊட்டிக்குப் பக்கத்தில் தமிழ்நாடு அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. இங்கெல்லாம் வேலை உண்டு, ஆனால் இடங்கள் கொஞ்சம், போட்டித் தேர்வும் உண்டு. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வுக்கு மானுடவியலை விருப்பப் பாடமாகப் பலர் எடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்வில் எந்தப் பாடம் எடுத்தாலும் ஜெயிப்பவர்கள் சிலரே.

நெட் தேர்வு எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், ஆராய்ச்சி செய்துகொண்டே முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023-ல் இந்தத் தொகை உயர்த்தப்பட்டது. கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆனால் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை நூறு பேரில் சிலர் ஏறும் படிகள்.

பெரும்பாலும் கிடைப்பது எங்களைப் போன்ற வேலைகள்தான். தொண்டு நிறுவனங்கள், சுகாதாரத் திட்டங்கள், பழங்குடி மக்கள் மத்தியில் நடக்கும் திட்டங்கள், வீடு வீடாகச் செய்யும் ஆய்வுகள். இவற்றில் பல வேலைகள் திட்டம் முடிந்தால் முடிந்துவிடும். சம்பளமும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே கணக்குப் போடும்போது 57,700-ஐ எடுக்கக் கூடாது. விசாரித்ததில் கிடைத்த குறைந்த தொகையைத்தான் எடுக்க வேண்டும். மழை வரும் என்று விதைக்கலாம். பருவம் பொய்த்தாலும் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று பார்த்துத்தான் விதைக்கிறோம். கடனும் அப்படித்தான்.

கணக்கு 1: மொத்தச் செலவு எவ்வளவு?

மகளையும் அழைத்து வைத்துக்கொண்டு எழுதினோம். நீங்கள் உங்கள் பிள்ளையின் கல்லூரித் தொகையைப் போட்டு எழுதுங்கள்.

ஓர் ஆண்டுக்கு:
கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம் – 15,000 ரூபாய்
விடுதி, சாப்பாடு (10 மாதம், மாதம் 4,000) – 40,000 ரூபாய்
புத்தகம், பஸ், துணிமணி, களப்பணிச் செலவு – 15,000 ரூபாய்
ஆக மொத்தம் – 70,000 ரூபாய்
இரண்டு ஆண்டுக்கு – 1,40,000 ரூபாய்

பலரும் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கட்டணத்தைவிட விடுதிச் செலவுதான் இங்கே பெரியது, பார்த்தீர்களா? களப்பணிக்கு வெளியூர் போய்த் தங்கும் செலவையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. மகள் ஜவுளிக் கடையில் மாதம் 9,000 வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் செலவு போக வீட்டுக்கு 3,000 கொடுத்தாள். படிக்கப் போனால் 24 மாதம் அது நிற்கும். 24 x 3,000 = 72,000 ரூபாய். இதையும் நோட்டில் எழுதினோம். அக்கா அதைப் பார்த்து, “இதை நான் நெனைக்கவே இல்லையே” என்றார்.

கணக்கு 2: எந்தக் கடன்?

ஒரே 60,000 ரூபாயை எங்கே வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து வட்டி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 3 ஆண்டு அசல் கட்டாமல் இருந்தால்:

வெளியே நூத்துக்கு 5 ரூபாய் வட்டி: மாதம் 3,000. மூன்று ஆண்டில் 1,08,000 ரூபாய்.
நூத்துக்கு 2 ரூபாய் வட்டி: மாதம் 1,200. மூன்று ஆண்டில் 43,200 ரூபாய்.
வங்கிக் கல்விக் கடன், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால்: மாதம் 500. மூன்று ஆண்டில் 18,000 ரூபாய்.

அதோடு, குழுக் கடன் வாங்கினால் அடுத்த மாதமே தவணை ஆரம்பித்துவிடும். படிக்கிற பிள்ளை எப்படிக் கட்டுவாள்? கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் அசல் கட்ட வேண்டியதில்லை. அதனால் உள்கடனை ஆடு மாடு, கடை, அவசர மருத்துவம் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் படிப்புக்குக் கல்விக் கடன்தான் பொருத்தம். வருமானம் தரும் மாட்டை விற்றுப் படிக்க வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

ஆனால் ஒன்றை நன்றாகக் கேளுங்கள். ‘அசல் கட்ட வேண்டாம்’ என்றால் வட்டி ஓடவில்லை என்று அர்த்தம் இல்லை. பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது. அரசு வட்டிச் சலுகை கிடைத்தவர்களுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு.

கணக்கு 3: இரண்டு படிப்பு, இரண்டு கடன்

அக்காவின் அண்ணன் சொன்ன எம்.பி.ஏ.வையும் விட்டுவிடவில்லை. அவரையும் உட்கார வைத்தே எழுதினோம். வட்டி 10 சதவீதம், 2 ஆண்டுப் படிப்பு, 1 ஆண்டு அவகாசம், அதன் பிறகு 7 ஆண்டுத் தவணை என்று இரண்டுக்கும் ஒரே அளவுகோல்.

முதலாவது, மானுடவியல். ஆண்டுக்கு 60,000 வீதம் கடன் 1,20,000. மீதி 20,000 கையிலிருந்து. முதல் ஆண்டுப் பணத்துக்கு 3 ஆண்டு வட்டி 18,000. இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு 2 ஆண்டு வட்டி 12,000. தவணை ஆரம்பிக்கும்போது கடன் 1,50,000. மாதத் தவணை சுமார் 2,490 ரூபாய். ஏழு ஆண்டில் கட்டுவது சுமார் 2,09,000 ரூபாய்.

இரண்டாவது, தனியார் கல்லூரி எம்.பி.ஏ. ஆண்டுக்கு 2,00,000 வீதம் கடன் 4,00,000. வட்டி 60,000 + 40,000. தவணை ஆரம்பிக்கும்போது கடன் 5,00,000. மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். ஏழு ஆண்டில் கட்டுவது சுமார் 6,97,000 ரூபாய்.

இப்போது சம்பளம். மானுடவியல் படித்தால் தொடக்கத்தில் மாதம் 15,000, எம்.பி.ஏ. படித்தால் 18,000 என்று வைத்துக்கொண்டோம். தவணை போக மிஞ்சுவது:

மானுடவியல்: 15,000 – 2,490 = 12,510 ரூபாய்
எம்.பி.ஏ.: 18,000 – 8,300 = 9,700 ரூபாய்

சம்பளம் அதிகம் உள்ள இடத்தில் கையில் நிற்பது குறைவு! அண்ணன் கால்குலேட்டரை வாங்கி அவரே ஒருமுறை போட்டுப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

சகோதரிகளே, எம்.பி.ஏ. மோசம், மானுடவியல் உசத்தி என்று நாங்கள் சொல்லவில்லை. நல்ல கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் எம்.பி.ஏ. கிடைத்தால் கணக்கு மாறும். மானுடவியலுக்கே வெளிநாட்டுக்கோ தனியாருக்கோ பல லட்சம் கடன் வாங்கினால் அதே கணக்கு நம்மை முழுங்கிவிடும். படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடனின் அளவும் வரப்போகும் சம்பளமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். விரலுக்கேத்த வீக்கம் வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல்: மாதத் தவணை, எதிர்பார்க்கும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 15,000 சம்பளத்துக்கு 3,000 வரை. முதல் கணக்கு இதற்குள் அடங்குகிறது. இரண்டாவது கணக்கில் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம் தவணைக்கே போகிறது.

கணக்கு 4: போட்ட பணம் எப்போது திரும்பும்?

மானுடவியலுக்கு மொத்தமாகப் போவது: தவணை 2,09,000 + கையிலிருந்து 20,000 + நின்றுபோன வருமானம் 72,000 = 3,01,000 ரூபாய்.

மகள் படிக்காமல் கடையிலேயே இருந்திருந்தால் அதற்குள் சம்பளம் 11,000 ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். படித்ததால் கூடுதலாக வருவது மாதம் 4,000, ஆண்டுக்கு 48,000. அப்படியானால் போட்ட பணம் திரும்ப சுமார் 6 ஆண்டு 3 மாதம் ஆகும்.

எம்.பி.ஏ.வுக்கு: 6,97,000 + 72,000 = 7,69,000. கூடுதல் வருமானம் மாதம் 7,000, ஆண்டுக்கு 84,000. திரும்ப 9 ஆண்டுக்கு மேல் ஆகும்.

இரண்டுமே நாளைக்கே பலன் தருவது இல்லை. தென்னங்கன்று வைப்பதைப் போலத்தான். இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

கணக்கு 5: கெட்ட காலக் கணக்கு

இதுதான் முக்கியம். படித்து முடித்து, அவகாசமும் முடிந்து, வேலை கிடைக்கவில்லை. மகள் பழையபடி ஜவுளிக் கடைக்கே போகிறாள். சம்பளம் 9,000. அப்போது 2,490 கட்ட முடியுமா? சிரமப்பட்டுக் கட்டலாம். 8,300 கட்ட முடியுமா? முடியாது. அன்றைக்குத்தான் நகை அடகுக்கும், அப்புறம் வெளி வட்டிக்கும் போவோம். கெட்ட காலத்திலும் கட்ட முடிகிற கடன்தான் நல்ல கடன்.

கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம். தவணை தவறினால் பிள்ளையின் கடன் மதிப்பெண்ணோடு அம்மாவின் கடன் மதிப்பெண்ணும் குறையும். நாளைக்கு நமக்கு ஒரு கடன் வேண்டும் என்றால் அதுவும் தடைப்படலாம். வேலை தாமதமானால் வங்கிக்குப் போகாமல் ஒளியாதீர்கள். நேரில் போய் நிலைமையைச் சொல்லி, தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். கடனைத் திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை இடம் உண்டு. மாதத் தவணை குறையும், ஆனால் மொத்த வட்டி கூடும்.

கல்யாணக் கேள்வி

அக்கா கடைசியில்தான் மனதில் இருந்ததைக் கேட்டார். “நாளைக்கு இவளைக் கட்டிக் குடுத்தா கடனை யாரு கட்டுறது? மாப்பிள்ளை வீட்டுல கடனோட பொண்ணான்னு கேக்க மாட்டாங்களா?”

நியாயமான கேள்விதான். இதற்கு மகளே பதில் சொன்னாள்: “அம்மா, கல்யாணத்துக்கு 3 லட்சம் கடன் வாங்குனா அந்தக் கடனை நீதான் கட்டணும். அதுல எனக்குச் சம்பளம் வராது. இந்தக் கடனை நான் கட்டுவேன். என் வேலையை விடச் சொல்லாத வீடா பாரு.”

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கும்போது நம்மில் யாராவது இப்படி நோட்டில் கணக்குப் போட்டிருக்கிறோமா? யோசித்துப் பாருங்கள். பெண் படிக்கக் கேட்டால் மட்டும் ஆயிரம் கேள்வி வருகிறது. கேள்வி கேட்பது தவறு இல்லை. எல்லாக் கடனுக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

வங்கிக்குப் போகும்போது தெரிந்திருக்க வேண்டியவை

• 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம், பட்டா கொடுக்க வேண்டியதில்லை.

• 2015-ல் தொடங்கப்பட்ட வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பொதுச் சேவை மையத்தில் உதவி கேளுங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள்.

• 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தரவரிசையில் உள்ள கல்லூரிகளுக்கும் மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அவகாசக் காலத்திலும் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்குத்தான் இந்தச் சலுகை என்பதால், கிடைக்கும் என்று எண்ணிக் கணக்கைப் போடாதீர்கள். கிடைத்தால் லாபம். நம் கணக்கில் 30,000 வட்டி 21,000 ஆகக் குறையும்.

• வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு முழு வட்டியையும் அரசே ஏற்கும் திட்டம் தொழில்முறை, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. மானுடவியல் போன்ற எம்.ஏ. படிப்புக்கும் அது உண்டு என்று யாராவது சொன்னால், வங்கியில் விசாரித்த பிறகே நம்புங்கள்.

• கொண்டுபோக வேண்டியவை: சேர்க்கைக் கடிதம், கல்லூரி தந்த கட்டண விவரம், மதிப்பெண் சான்றிதழ்கள், ஆதார், பான் கார்டு, வருமானச் சான்று, வங்கிப் பாஸ் புத்தகம், போட்டோ. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

• ‘நீங்க எங்க சேவைப் பகுதி இல்ல’ என்று சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ல் அறிவுறுத்தியது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையோ, கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளையோ அணுகலாம்.

• கடன் கேட்கும் முன் உதவித்தொகை இருக்கிறதா என்று பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் பள்ளிக்குப் பிந்தைய படிப்பு உதவித்தொகை உண்டு. இலவசமாகக் கிடைக்கிற ஒவ்வொரு ரூபாயும் கடனில் ஒரு ரூபாயைக் குறைக்கும்.

• முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டுங்கள். நம் கணக்கில் முதல் ஆண்டு மாதம் 500, பிறகு மாதம் 1,000. இப்படிக் கட்டினால் கடன் 1,50,000 ஆக வளராமல் 1,20,000-லேயே நிற்கும். தவணை 1,992 ஆகும். மொத்தத்தில் சுமார் 12,000 ரூபாய் மிச்சம். படிக்கும் காலத்தில் வட்டி கட்டுபவர்களுக்குச் சலுகை உண்டா என்றும் வங்கியில் கேளுங்கள்.

பிறகு என்ன ஆனது?

அந்த அக்கா மாட்டை விற்கவில்லை. குழுவிலும் பெரிய கடன் வாங்கவில்லை. கையிலிருந்து போட வேண்டிய 20,000-ல் பாதியைத் தன் சேமிப்பிலிருந்தும் மீதியைக் குழுவின் உள்கடனாகவும் எடுத்தார். வங்கியில் இரண்டு முறை அலைந்து, மூன்றாவது முறை குழுத் தலைவியோடும் பிரதிநிதியோடும் போய்க் கடன் வாங்கினார். பால் பணத்தில் மாதா மாதம் வட்டியைக் கட்டி வருகிறார். ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருக்கிறார்.

மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வேலை கிடைக்குமா என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டே, ஆய்வு நிறுவனங்களுக்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தவள், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் கூலிக்கு என்ன தானியம் அளந்தார்கள், எந்தப் படியில் அளந்தார்கள், ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினாளாம். பாட்டி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார். “இத்தனை வருசத்துல இதை எங்கிட்ட யாரும் கேட்டதே இல்ல தாயி” என்றாராம். அக்கா இதை எங்களிடம் சொல்லும்போது, “இப்ப அது என்ன படிப்புன்னு எனக்குத் தெரியும் மேடம்” என்றார்.

இந்த லாபத்தை நாம் நோட்டில் எழுத முடியாது. ஆனால் எழுத முடிகிற கணக்கை ஒழுங்காக எழுதி முடித்ததால்தான் அந்தப் பெண் நிம்மதியாக இதைச் செய்ய முடிகிறது.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் பிள்ளைகள் பிளஸ் டூ, கல்லூரி முடிக்கப் போகிறார்கள்? பெயர் எழுதுங்கள்.
2. ஒரு பிள்ளையின் படிப்பை எடுத்துக்கொண்டு மேலே உள்ள ஐந்து கணக்கையும் போடுங்கள். பிள்ளையையும் அழைத்து உட்கார வையுங்கள்.
3. அந்தப் படிப்பை முடித்து இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேரிடமாவது சம்பளம் என்ன என்று விசாரித்து வாருங்கள். கல்லூரி விளம்பரத்தில் போட்டிருப்பதை எழுதாதீர்கள்.
4. சென்ற மூன்று ஆண்டில் குழுவில் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் எவ்வளவு, பெண்பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய கடன் எவ்வளவு? தீர்மான நோட்டைப் பார்த்துக் கூட்டிச் சொல்லுங்கள்.

நான்காவது கேள்வியின் விடையைப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் தொகையையும் சேர்த்து ஒரே பலகையில் எழுதி, எல்லோரும் சேர்ந்தே பார்ப்போம்.